கறுப்பு மணலில் வறுத்த கடலை

ஈய லம்பத்து மணலை, அதாவது ஈயச் சுரங்கத்து மணலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். வீட்டில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. பேச்சை மாற்றிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த மணலை நானே ஒரு பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த கதையை மட்டும் இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. சுற்றுவட்டார லம்பங்களில் ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதைக் காந்தத்தில் ஓட்டி, காற்றில் பிரித்து, வகை வகையாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலைகள் அப்போது நிறைய இருந்தன. அந்த மணலில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது எங்கள் கூடத்தின் வேலை. நான் அரைப்பேன், சலிப்பேன், எடை போடுவேன், அமிலத்தில் கொதிக்க வைப்பேன். தோட்டத்து லயத்தில் பிறந்து வெள்ளை அங்கி போட்ட முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். துவைப்பதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடித்துப் பைக்குள் வைக்கமாட்டேன். கையில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவும் அத்தானும் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவர்கள் ஈப்போ ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தான் கச்சான் பூத்தே வியாபாரத்தில் இறங்கினார். நிலக்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி எல்லாம் வறுத்து, காகிதச் சுருளில் போட்டு, பஸ் நிலையத்திலும் தஞ்சோங் ரம்புத்தான் சந்தையிலும் விற்பார். அக்கா வறுப்பாள், அத்தான் விற்பார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, இரண்டு வயது தாண்டிய பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

கடலையை வெறும் சட்டியில் போட்டால் ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் பச்சையாக இருக்கும். மணலைக் காயவைத்து, அதற்குள் கடலையைப் போட்டுக் கிளற வேண்டும். சூடு நாலு பக்கமும் சமமாகப் பிடிக்கும். அதனால் கச்சான் வீடுகளில் நல்ல மணலுக்கு இருக்கிற மரியாதை நல்ல கடலைக்குக்கூடக் கிடையாது. அத்தானுக்குக் கிடைத்த ஆற்று மணலோ ஒரே தூள். கடலையில் ஒட்டிக்கொள்ளும், சலித்தாலும் போகாது. தினமும் அதைப் பற்றிப் புலம்பல்தான்.

எங்கள் கூடத்தின் பின்கட்டில் சோதித்து முடித்த மணல் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. கனமான மணல், மினுமினுப்பு, ஒட்டாது, தூளும் கிடையாது. பார்க்கும்போதே கை வைக்கச் சொல்லும். ஒரு நாள் அதில் ஒரு பை நிறைய அள்ளி வந்துவிட்டேன். குப்பைக்குப் போகிற மணல்தானே, யார் கேட்கப்போகிறார்கள். அத்தான் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "எங்கடி இருந்துச்சு இது, இத்தன நாளா?" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

புது மணலை அப்படியே பயன்படுத்தமாட்டார்கள். முதலில் சட்டியில் வெறும் மணலைப் போட்டு, ஒரு பிடி உப்பும் மஞ்சளும் தூவி, அடி சிவக்கிற வரைக்கும் எரிப்பார்கள். மணலில் இருக்கிற அழுக்கெல்லாம் அதில் போய்விடும் என்று நம்பிக்கை. அன்றைக்கு அப்படி எரித்தபோது வீடு முழுக்கப் பூண்டு வாசம். "யாரு வீட்டுல பூண்டு வதக்குறாங்க, இந்த நேரத்துல?" என்றாள் அக்கா. சட்டியைச் சுற்றிப் புகை லேசாக வெள்ளையாக இருந்தது. பாப்பா அக்கா மடியில் உட்கார்ந்திருந்தாள். தூவின மஞ்சள் கருகுகிற புகை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடலை என்னமாய் வந்தது என்கிறீர்கள். கருகாமல், ஒரே நிறத்தில், மொறுமொறுவென்று. அத்தான் சந்தையில் இருந்து வெறும் டின்னோடு திரும்பி வந்தார். நான் இன்னும் இரண்டு பை கொண்டுவந்தேன். அவை பழைய லம்பம் ஒன்றின் மணல் என்று பீப்பாயில் சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் மூட்டையை வைக்க இடம் இல்லாததால் பாப்பா தூங்கும் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். சலிக்கும்போது அடியில் தங்கும் உடைசல் கடலை விற்பனைக்கு ஆகாது. அதெல்லாம் பாப்பாவுக்கு. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பாள்.

மூன்று மாதம் போயிருக்கும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் மணலில் யுரேனியம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார்கள். அமாங்கில் மோனசைட் என்று தேன் நிறத்தில் ஒரு மணி உண்டு, அதற்குள் யுரேனியமும் தோரியமும் இருக்கும். எங்கள் கெமிஸ்ட் ஒரு சீனப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மணலில் இருந்து எடுத்த துளிச் சாற்றை ஒரு உப்போடு சேர்த்து உருக்கிச் சின்ன வில்லையாக ஆக்குவோம். இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் அதை வைத்தால், யுரேனியம் இருந்தால் ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது எலுமிச்சங்காய் நிறத்தில் அது மின்னியது. அழகாகத்தான் இருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான் வீட்டுக்குக் கொண்டுபோன அதே பழைய லம்பத்து மணல்.

கதிர்வீச்சு என்ற சொல் அப்போதுதான் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்திருந்தது. மறுநாளே அக்கா வறுத்த கடலையில் இரண்டு பிடி எடுத்து வந்து, சாம்பலாக்கி, யாருக்கும் தெரியாமல் வில்லை செய்து விளக்கின் கீழ் வைத்தேன். ஒளி இல்லை. பயம் போகாமல் மறுபடி செய்தேன். மறுபடியும் இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில் காரணமும் புரிந்தது. மோனசைட் தன் யுரேனியத்தை லேசில் விடாது. கடலைச் சட்டிச் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கொதிக்கும் கடும் அமிலத்தில் போட்டு உடைத்தால்தான் விடும். சட்டியில் அது மணியாகவே கிடந்தது, கடலைக்கு வரவில்லை.

அன்று பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். மூட்டையைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நகர்த்தி வைக்க வேண்டும் என்ற அறிவுகூட வரவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு நல்ல பதில் கிடைத்ததும், எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்ததாக நினைத்துவிட்டேன். சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத முதல் தப்பு அது. நாம் எதைத் தேடுகிறோமோ அதைத்தான் சோதனை காட்டும். தேடாததைப் பற்றி அது வாயே திறக்காது.

பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, எங்கள் உலையின் மேல் இருந்த புகைபோக்கியின் மோட்டார் நின்றுபோனது. உள்ளே மணல் வறுபட்டுக்கொண்டிருந்தது. அறைக்குள் பூண்டு வாசம் பரவியது. நான் நிமிர்ந்து, யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று தேடினேன். கெமிஸ்ட் நாற்காலி சாய எழுந்து, "கெலுவார், கெலுவார் செமுவா" என்று எல்லாரையும் வெளியே விரட்டினார். வாசலில் நின்று இருமிக்கொண்டே என்ன அது என்று கேட்டேன்.

"ஆர்சனிக். பூண்டு வாசம் வந்தா ஓடணும்னு உனக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தும் அந்த வாசத்தை நான் பிடித்ததே இல்லை. புகைபோக்கி அத்தனை நன்றாக வேலை செய்திருக்கிறது. அதை முதல் தடவை நான் பிடித்தது எங்கள் அடுப்படியில்தான்.

உலோகங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு என்பதை நான் அந்தக் கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். யுரேனியத் தாதுவை அமிலத்தில் போட்டால் யுரேனியம் அமிலத்தோடு கிளம்பிவிடும். அதிலிருந்தே பிறந்த ரேடியம் கிளம்பாது, காரீயத்தோடு சேர்ந்து கழிவுச் சேற்றிலேயே தங்கிவிடும். எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, இனி இது வெறும் சேறு என்று நினைக்கிறவன் ஏமாந்துபோவான். ஆர்சனிக்கோ நெருப்பைக் கண்டால் ஓடும். புகையாக மேலே போய், ஆறின இடத்தில் வெள்ளைப் பொடியாக உட்காரும். கண்ணுக்குத் தெரியாத அளவில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. நெருப்போ, அமிலமோ, தண்ணீரோ பட்டதும் ஆளுக்கொரு திசையில் பிரிகின்றன. நான் பயந்தது தங்கிப்போகிற ஒன்றுக்கு. ஓடிவருகிற ஒன்று பாப்பாவின் கிண்ணத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடலையைச் சோதித்தேன். ஆர்சனிக்குக்கு ஒரு பழைய முறை இருந்தது. குடுவையில் அமிலமும் துத்தநாகமும் போட்டால் வாயு கிளம்பும், குழாய் வழியே மேலே ஏறி ஒரு துண்டுக் காகிதத்தைத் தொடும். ஆர்சனிக் இருந்தால் காகிதம் மஞ்சளாகும், அதிகம் இருந்தால் பழுப்பாகும். நல்ல கடலையில் லேசான மஞ்சள். சலித்த உடைசலில் பளிச்சென்று மஞ்சள்.

அன்று மாலையே வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது மானம். படித்தவள் கொண்டுவந்த மணல் என்று தெருவெல்லாம் பேசிய மணல் அது. உண்மைக்குப் பதிலாகத் தந்திரம் செய்தேன். கை தவறியது போல மணலில் மண்ணெண்ணெயைக் கொட்டினேன். அத்தான் பொறுமையாக அதைச் சவர்க்காரம் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டாம் நாள் மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டார். ஆபிசில் மணலைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "குப்பையில கெடந்தத தானே கொண்டாந்த? குப்பைய யாருலா திருப்பிக் கேப்பா?" என்று அக்கா சிரித்தாள். பாப்பாவின் கையில் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கிவிட்டு பிஸ்கட் கொடுத்தேன். ஆனால் பகலெல்லாம் நான் வீட்டில் இல்லையே. இப்படியே ஒன்பது நாள் ஓடியது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

பாப்பாவின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி முடி. உடம்புக்குள் போகிற ஆர்சனிக் முடியில் தங்கும், முடி வளர வளர மேலே நகரும். ஆனால் பாப்பாவின் முடியை யாரும் தொடக்கூடாது. பாப்பாவுக்கு முன்னால் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கினால், மூன்று வயது வரைக்கும் கத்தி படாமல் முடி வளர்த்து, தைப்பூசத்தன்று குகைக் கோயிலில் முருகனுக்கு இறக்குவதாக வேண்டுதல். முதல் மொட்டைகூட அடிக்கவில்லை. பாப்பாவின் முடி தோளைத் தாண்டிக் கிடந்தது. அக்கா அதைச் சீவும்போது உதிர்கிற இழையைக்கூடக் கீழே போடமாட்டாள், ஒரு மஞ்சள் துணியில் முடிந்துவைப்பாள்.

ஒரு லீவு நாளில், பாப்பா மதியம் தூங்கும்போது பிடரியில் இருந்து ஒரு கொத்தை வெட்டினேன். கூடத்துக்குக் கொண்டுபோய் எடை போட்டுக்கொண்டிருந்தபோது கெமிஸ்ட் பின்னால் வந்து நின்றார். மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இது பத்தாது. நீ மணல் கொண்டுபோன பிறகு வளர்ந்த முடி மட்டும்தான் கணக்கு, தோலை ஒட்டி நாலு விரக்கடைகூட இருக்காது. ஒரு கிராமாவது வேணும். முழுத் தலையையும் வழிச்சாத்தான் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பாப்பாவுக்கு எண்ணெய் வைத்தாள். பிடரியில் அவள் விரல் நின்றது. முடியை விலக்கிப் பார்த்தாள். அத்தான் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான்.

"வெட்டுனது நீயா?"

"ஆமா."

"எதுக்கு?"

சொன்னேன். மணலில் தொடங்கி பூண்டு வாசம், மஞ்சள் காகிதம், மண்ணெண்ணெய் வரை எதையும் விடாமல் சொன்னேன். அக்கா பாப்பாவின் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒனக்கு எத்தன நாளா தெரியும்?"

"ஒம்போது நாளு."

அக்கா எழுந்துபோய் அடுப்பில் இருந்த சட்டியை மணலோடு இறக்கி முற்றத்தில் வைத்தாள். விற்க வைத்திருந்த மூன்று டின் கடலையையும் அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு அத்தானின் சவரக் கத்தியை எடுத்து வந்து, பாப்பாவைக் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, தலையை நனைத்து, தானே வழிக்க ஆரம்பித்தாள். பாப்பா ஆரம்பத்தில் அழுதாள், பிறகு தன் முடி விழுவதை வேடிக்கை பார்த்தாள். வேர்ப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி அக்கா அதை அடுக்கி, நூலால் கட்டி, காகிதத்தில் சுற்றி என் முன்னால் வைத்தாள். நான் கேட்காமலே எப்படி அடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் தவறவிடவில்லை.

"முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போய்ப் பாரு," என்றாள்.

அத்தான் வந்து, நடந்ததைக் கேட்டு, சட்டியைத் தூக்கப் போனார். மணலைப் பின்னால் இருக்கும் லம்பக் குட்டையில் கொட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். தண்ணீரில் இரும்புத் துரு இருக்கிற வரைக்கும் ஆர்சனிக் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அடிச் சேற்றில் காற்று இல்லாமல் துரு கரைந்தால் அதுவும் கூடவே தண்ணீரில் இறங்கிவிடும். அந்தக் குட்டையில்தான் தெருவே மீன் பிடித்தது. கொண்டுவந்த மணலைப் பை பையாக நானே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோய், எடுத்த பீப்பாயிலேயே போட்டேன்.

முடியின் நுனிப் பக்கம் காகிதத்தில் எதையும் காட்டவில்லை. வேர்ப் பக்கம் மஞ்சள் காட்டியது. பழுப்புக்குப் போகவில்லை என்று பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டர் பாப்பாவின் உள்ளங்கையையும் நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருவது நின்றுவிட்டால் உடம்பு மெதுவாக வெளியே தள்ளிவிடும், புது முடி வளர்ந்த பிறகு மறுபடி பாருங்கள் என்றார். தைப்பூசத்துக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

அந்த ஐந்து மாதமும் அக்கா என்னோடு பேசாமல் இல்லை. சோறு இருக்கு, மழை வருது, துணிய எடு என்று பேசினாள். தட்டைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் வேலைக்குப் போகும் அவசரத்தில் என் தலையை அவள்தான் பின்னிவிடுவாள். இடுப்பு வரைக்கும் முடி, தனியாகப் பின்னினால் கை வலிக்கும். நானே பின்னிக்கொண்டு போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் பாப்பாவின் புது முடியை அக்கா மறுபடி வழித்துக் கொடுத்தாள். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தேறியது. இந்தத் தடவை காகிதம் வெள்ளையாகவே இருந்தது. இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சரி" என்றாள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

தைப்பூசத்தன்று காலை கோயிலுக்குப் போனோம். முடி இறக்கும் கொட்டகையில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் நாவிதர் பாப்பாவின் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏற்கனவே மொட்டதானே லா? இதுல என்னத்த எடுக்குறது?"

அக்கா என்னைக் காட்டினாள். "இவளுக்கு எடுங்க."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அடுத்த மாதம் கமுந்திங்கில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பேச்சு எடுத்ததே அக்காதான். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, விளையாட்டும் இல்லை. மறுத்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், சோறு இருக்கு, மழை வருது என்று காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருப்பாள். நான் பின்னலை அவிழ்த்துவிட்டு மணையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் முதுகு வரைக்கும் இறங்கியது. கத்தி நெற்றியில் இருந்து பின்னால் போனது. முடி மடியில் விழ விழத் தலை லேசாகி, காற்று படுவதே புதுசாக இருந்தது. "சித்தி மொட்ட" என்று பாப்பா கை தட்டினாள். முடிந்ததும் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்கா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். உச்சியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகத் தலை முழுக்கத் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் வந்ததும் அவள் விரல் நின்றது.

"இங்க வெட்டிருக்கான். எரியுதா?"

"எரியுதுக்கா."

அக்கா குனிந்து அந்த இடத்தில் ஊதினாள்.